ஞாயிற்றுக்கிழமைப் பிணங்கள்

செத்த பிணங்கள் எழுந்து வந்து தாக்கும் இந்த ஜோம்பி கேமைச் செய்தவன் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை கேட்பேன். கோடரியை நாலு முறை வீசினால் உடைந்துவிடுகிறது. பாதிப் பிணங்கள் சுவருக்குள் மாட்டிக்கொண்டு கையை மட்டும் ஆட்டுகின்றன. கதை என்று ஒன்று கிடையாது. பெட்ரோல் கொண்டு வா, பேட்டரி கொண்டு வா என்று ஏவிக்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் மண்டையில் ஒன்று போட்டால் வரும் அந்தச் சத்தம் இருக்கிறதே, அதற்காகவே ஞாயிறு மதியம் சாப்பிட்ட கையோடு உட்கார்ந்துவிடுகிறேன். ஆறு நாள் நாமக்கல் லாரி புக்கிங் ஆபீஸில் எல்லோருக்கும் பதில் சொல்லி ஓய்ந்துபோனவளுக்கு, பதில் எதிர்பார்க்காத கூட்டம் பெரிய ஆறுதல்.

இதை இருவர் சேர்ந்து ஆடலாம். என்கூட ஆடுவது என் அண்ணன் ஜெகதீஸ்வரன். திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்துப் போர்வெல் போடுகிறார். நாங்கள் பேசி இரண்டு வருடம் ஆகிறது.

அப்பா இறந்த பிறகு, தோட்டத்தை அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கும் பத்திரத்தில் கையெழுத்துப் போட என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். போட மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. படித்துவிட்டுப் போடுகிறேன் என்றேன். பதினொரு பக்கம். ரிஜிஸ்டர் ஆபீஸில் அத்தனை பேரும் காத்திருக்க, நான் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டியதை அண்ணனால் தாங்க முடியவில்லை. நான் கையெழுத்துப் போட்ட பிறகும், 'என்னை நம்பாதவளோடு எனக்குப் பேச்சில்லை' என்று சொல்லிவிட்டார். படித்தது தப்பா? இன்றுவரை எனக்குக் கோபம்தான்.

நாலு மாதத்துக்கு முன்னால், மகள் நிலாவின் கம்ப்யூட்டரில் நான் தனியாக ஆடி அடி வாங்கிக்கொண்டிருந்தபோது, சேர்ந்து ஆட அழைப்பு ஒன்று வந்தது. பெயர் 'ஜெகா ரிக்'. நிலா மட்டும் மாமாவோடு பேசிக்கொண்டுதான் இருந்தாள். அவள் வேலையாகத்தான் இருக்கும். ஏற்றுக்கொண்டேன்.

கேமில் மைக் வேலை செய்யவில்லை. ஊரெல்லாம் அதைத் திட்டி எழுதியிருந்தது. நாங்கள் இருவர் மட்டும்தான் திட்டவில்லை. 'வா', 'நில்', 'நன்றி' என்று பட்டனை அழுத்தினால் பொம்மை கையைக் காட்டும். எங்களுக்கு அது போதுமாக இருந்தது. நான் விழுந்தால் ஓடி வந்து தூக்கிவிடுவார். கண்டெடுத்த துப்பாக்கி, கட்டிய வேலி எல்லாம் அழைத்தவர் பக்கம் மட்டும்தான் சேமிப்பாகும். விளையாட்டில்கூடச் சொத்து அண்ணன் பேரில்தான். அதற்குச் சிரித்தும் இருக்கிறேன், வயிறெரிந்தும் இருக்கிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை, நிலா வயதுக்கு வந்ததற்குச் சீர். முதல் சேலை தாய்மாமன் கொண்டுவர வேண்டும். தாய்மாமனுக்கு அழைப்பு எதற்கு, அவரே வரட்டும் என்று நான் உட்கார்ந்திருந்தேன். தாம்பூலத் தட்டத்தோடு வந்து கூப்பிடட்டும் என்று அவர் உட்கார்ந்திருந்தார். வேறு யாரையாவது மாமன் முறைக்கு நிறுத்திக்கொள்ளலாம் என்று என் கணவர் தனசேகர் சொன்ன அன்று நிலா சாப்பிடவில்லை.

இந்த ஞாயிறு கேமுக்கு அப்டேட் வந்தது. சுவருக்குள் பிணங்கள் அப்படியேதான் இருந்தன. மைக்கை மட்டும் சரிசெய்துவிட்டார்கள். ஹெட்செட்டில் அண்ணன் வீட்டு ஃபேன் ஓடுவது கேட்டது. அவர் தொண்டையைச் செருமினார். பத்து நிமிடம் இருவரும் பேசாமலே வெட்டினோம். பெட்ரோல் பங்க் பக்கத்தில் ஏழெட்டுப் பிணங்கள் சேர்ந்து என்னைச் சாய்த்தன.

"அப்படியே இரு சாமி, வாரேன்," என்றார்.

பழைய பாசத்தில் கூப்பிடும் அந்த 'சாமி' அவரை அறியாமல் வாயில் வந்துவிட்டது போல. வந்து தூக்கிவிட்டார். அதற்கு மேல் வீம்பு பிடிக்க எனக்குத் தெம்பு இல்லை.

"வெள்ளிக்கெழம நிலாவுக்குச் சீருங்ண்ணா."

"தெரியும். தாய்மாமன இப்படித்தான் கூப்புடறதா? ஊட்டுக்கு வந்து தட்டம் வெச்சுக் கூப்புடோணும்."

பத்திரத்தை நீட்டியபோது எனக்கு யார் தட்டம் வைத்தார்கள் என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. சண்டை எனக்கு அலுத்துவிட்டது.

"செரிங்ண்ணா. இப்பவே கெளம்பி வாரேன். ஊட்ல இருப்பீங்ளா?"



"நான் எங்க சாமி போறேன்? ஞாயித்துக்கெழமைன்னா ரிக்குக்கே லீவு உட்டுட்டு உன்ற கூடத்தான உக்காந்திருக்கறேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்குக் கேட்கக் கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டு, தட்டத்துக்கு வெற்றிலை வாங்கி வரச் சொல்லி தனசேகருக்கு ஜாடை காட்டினேன்.