எக்ஸ்போசிட்டோ என்றொரு பெயர்

வளர்மதிக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை எழில் தங்கமான பையன், மண்டகப்பட்டில் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறான். அவள் செஞ்சிக் கோட்டையைச் சுற்றிக் காட்டும் கைடு. சிக்கலெல்லாம் கல்யாணப் பத்திரிகையின் ஒரே ஒரு வரியில்தான். பெண்ணின் தகப்பன் பெயர்.

அவளைக் கைக்குழந்தையாகச் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் விட்டுப் போனவர்கள் பெயர் எதையும் விட்டுப் போகவில்லை. வளர்த்த அநாதை இல்லத்தார் ஊரின் முதலெழுத்தையே இனிஷியல் ஆக்கினார்கள்: செ. வளர்மதி. யாராவது கேட்டால், "எங்க நைனா பேரு செந்தமிழன்" என்று கூசாமல் புளுகுவாள். எழிலிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள். அவன் தன் அம்மா தைலம்மாளிடம் சொன்னான்.

தைலம்மாள் கெட்டவள் இல்லை. "பொண்ணோட நைனா பேரு இல்லாம எப்டி பத்திரிகை அடிக்கிறது? ஊரு இன்னா பேசும்? எங்கண்ணன் தாண்டவராயன் பேரப் போட்டுக்கலாம். அவருக்கும் சம்மதம்தான்" என்றாள். தாய்மாமன் மகள் என்று முறைகூடப் பொருந்தி வந்தது. பொய்யை இவ்வளவு அன்பாக நீட்டினால் யார்தான் தள்ளுவார்கள்? வளர்மதி தலையாட்டிவிட்டாள். அதோடு தூக்கமும் போயிற்று.

அந்த வாரம்தான் பிலார் வந்தாள். ஸ்பெயின்காரி, அறுபதைத் தாண்டியவள். ராஜகிரிப் படிகளில் அவள் ஏறிய வேகத்துக்குக் குரங்குகளே வழிவிட்டன. உச்சிக்குக் கீழே, பள்ளத்தின் மேலிருக்கும் பாலத்தருகே உட்கார்ந்தபோது அவள் பையில் தொங்கிய அட்டையை வளர்மதி படித்தாள். பிலார் எக்ஸ்போசிட்டோ.

"ரெண்டாவது உங்க அப்பா பேரா?" என்று தன் கைடு இங்கிலீஷில் கேட்டாள்.

"குடும்பப் பெயர்" என்றாள் பிலார். "வெளியே வைக்கப்பட்டவன் என்று அர்த்தம். அந்தக் காலத்தில் எங்கள் ஊர் அநாதை விடுதிச் சுவரில் சுழலும் மரத்தொட்டி ஒன்று இருந்தது. பிள்ளையை அதில் வைத்துச் சுற்றிவிட்டால் உள்ளே போய்விடும், வைத்தவர் முகம் யாருக்கும் தெரியாது. அப்படி வந்த பிள்ளைகளுக்கு இந்தப் பெயரை வைப்பார்கள். என் கொள்ளுத்தாத்தா அப்படி வந்தவர்."

வளர்மதி தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்தாள். "மாத்திக்க முடியாதா?"

"முடியும், சட்டமே வந்தது. நிறையப் பேர் மாற்றிக்கொண்டார்கள், அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். என் தாத்தா ரொட்டிக்கடை திறந்தபோது தெருவுக்கே தெரிகிற மாதிரி இந்தப் பெயரைத்தான் எழுதிவைத்தார். 'என் அப்பனைச் சாகவிடாமல் எடுத்தவர்கள் கொடுத்த பெயர் இது' என்பாராம்."

எத்தனை பேரை இந்த மலைக்குக் கூட்டிவந்து ராஜாக்களின் பெருமையை மூச்சுவிடாமல் ஒப்பித்திருக்கிறாள் வளர்மதி! தொட்டியில் வந்த பிள்ளையின் பெயரை நான்கு தலைமுறையாக நிமிர்ந்து சுமக்கும் இந்த மனுஷிக்கு முன்னால் அவளுக்குக் கோட்டையே சற்றுக் குட்டையாகத் தெரிந்தது. கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

மறுநாள் பஜாரில் இருந்த அச்சகத்துக்கு வளர்மதியும் எழிலும் தைலம்மாளும் போனார்கள். கம்ப்யூட்டர் திரையில் 'தாண்டவராயன் மகள் வளர்மதி' என்று பத்திரிகை தயாராக நின்றது.

"அத்தை, மாமா பேரு வேணாம்" என்றாள் வளர்மதி. "அவரு மேல மரியாதை இல்லாம சொல்லல. என்னைத் தூக்கி வளத்தது இந்த ஊருதான். 'செஞ்சியின் மகள்'னு போடச் சொல்லுங்க. புடிக்கலனா கல்யாணத்த நிறுத்திடுங்க."

எழில் வாயைத் திறந்தான். தைலம்மாள் அவனைக் கையமர்த்திவிட்டு வளர்மதியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் தன்னிடம் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

அச்சகக்காரர் நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார். "சின்ன எழுத்துல கீழ போட்டுடலாம்மா. யாரும் கவனிக்க மாட்டாங்க."

தைலம்மாள் சீறினாள். "எதுக்குச் சின்னதா? மேல எங்க ஊட்டுக்காரரு பேரு இன்னா சைசுல இருக்குதோ, அதே சைசுல போடு!"