பக்கவாட்டுச் சிதறல்

சுடுதிடலில் ஆர்விட் தன் துப்பாக்கிக் குழலின் முனையில் இருந்த எடை வளையத்தை இன்னும் ஒரு கோடு முன்னால் திருகினான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி டெல்லா பெருமூச்சு விட்டாள்.

"நேத்து பின்னாடி, இன்னிக்கு முன்னாடி. அந்த வளையத்துக்கே தலை சுத்தும்."

"குழல் அதிருது டெல்லா. அதிர்வு ஓஞ்சு நிக்கிற நொடியில குண்டு வெளிய போகணும், அதுக்குத்தான் இந்த வளையம். ஈயக் குண்டு மெதுவாப் போறது, அதிர்வு அதைத்தான் ரொம்பப் படுத்தும். உனக்கு நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் வீட்டில் ஈயத்தை உருக்கிக் குண்டு வார்ப்பது டெல்லா, சுடுவது ஆர்விட். மான்டானாவில் துப்பாக்கி சுடும் பந்தயம் நடக்கும் ஊருக்கெல்லாம் இருவரும் அப்படித்தான் ஜோடியாகப் போய்வந்தார்கள். குழலின் அதிர்வு சரியில்லை என்றால் குறிக் காகிதத்தில் ஓட்டைகள் மேலும் கீழுமாகச் சிதறும். ஆர்விட்டின் காகிதத்தில் அவை இடமும் வலமுமாக ஓடியிருந்தன. காற்றும் இல்லை, திடலின் கொடி துவண்டு தொங்கியது. பக்கவாட்டில் சிதறினால், காற்று இல்லாத நாளில், குற்றம் சுடுகிறவனுடையது. அவனுக்கும் இது தெரியும். ஆனாலும் முதலில் அவள் வார்த்த குண்டுக்குள் காற்று அடைத்திருக்கிறது என்றான். அவள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் உருக்கி மறுபடி வார்த்து, ஒவ்வொன்றாக எடை பார்த்துக் கொடுத்தாள். அதன்பிறகுதான் பழி வளையத்தின்மேல் விழுந்தது.

அடுத்த மேசையில் சுடும் நண்பன் ரஸ்க் எட்டிப் பார்த்தான்.

"என்ன ஆர்விட், ஓட்டையெல்லாம் குறுக்கால வரிசையா நிக்குது, துணி காயப்போடக் கொடி கட்டறியா?"

"உன் கால்சட்டையக் கொண்டா. கொடி தாங்குதான்னு பாப்போம்."

ரஸ்க் வயிறு குலுங்கச் சிரித்தான். ஆர்விட்டும் சிரித்தான். அப்போது யாரோ கயிறு கட்டி இழுத்ததுபோல அவன் தோள் ஒருமுறை வெட்டி அடங்கியது.

டெல்லா வேறு பக்கம் பார்த்தாள்.

அந்த வெட்டை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். ஆர்விட்டின் அம்மாவுக்கும் தோளில்தான் தொடங்கியது. கடைசி வருடங்களில் கையும் காலும் தானாகத் துள்ளி, கட்டில் சட்டத்தில் அடிபடாமலிருக்க மெத்தைத் துணி சுற்றிவைக்க வேண்டியிருந்தது. பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள நோய். ஆர்விட் சோதனை செய்துகொள்ளவே இல்லை. ஐம்பது தாண்டியும் ஒன்றும் தலைகாட்டாததால், "எனக்கு இல்ல, தப்பிச்சேன்" என்று தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டான். மகள் பிரிட்டாவும் அதை நம்பித்தான் கல்யாணம் செய்துகொண்டாள். போன ஞாயிறு போனில், "அம்மா, நாங்க குழந்தை பெத்துக்கலாம்னு இருக்கோம்" என்று குதூகலித்தாள். அன்றிலிருந்து டெல்லாவுக்குத் தூக்கமில்லை.

"குழலையே மாத்திடறேன்," என்றான் ஆர்விட்.

"எந்திரி. நான் ஒரு அஞ்சு சுடறேன்."

"எதுக்கு?"

"குழலா இல்லையான்னு தெரிஞ்சிடும்ல."

அவன் அவளையே பார்த்தான். பிறகு எழுந்தான்.

துப்பாக்கி மணல் மூட்டைகளின்மேல் கிடந்தது. அவள் வளையத்தைத் தொடவில்லை. முதல் நான்கு குண்டுகளும் ஒரே ஓட்டைக்குள் புகுந்தன. ஐந்தாவதில் விரல் நின்றது. தோளால் ஒரு மயிரிழை தள்ளினால் போதும், குண்டு பக்கவாட்டில் விலகிவிடும். "பாத்தியா, குழல்தான்!" என்று அவன் துள்ளுவான். வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள். இன்னும் ஒரு கோடை இப்படியே ஓடிவிடும். அதற்குள் பிரிட்டாவின் வயிற்றில் ஒரு பிள்ளை வந்துவிடும்.

மூச்சை விட்டாள். விசையை நேராக அழுத்தினாள். ஐந்தாவதும் அதே ஓட்டைக்குள் போனது.

ஆர்விட் தொலைநோக்கியில் வைத்த கண்ணை எடுக்கவில்லை. கேலி செய்ய வந்த ரஸ்க் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பினான்.

"எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?" என்றான் ஆர்விட்.

"பனி உருகினப்போலேர்ந்து."

"எனக்கு அதுக்கும் முன்னாடி."

"பின்ன ஏன்டா இந்த வளையத்தைப் போட்டு..."

"வேற எதைத் திருப்பறது, சொல்லு?"

டெல்லா துப்பாக்கியை விட்டு எழுந்தாள். "பிரிட்டாகிட்ட நான் பேசறேன்," என்றாள்.

"வேணாம். எங்கிட்டேர்ந்து அவளுக்குப் போற விஷயம். நானே சொல்றேன்."

போனை எடுத்தான். விரல் எண்ணில் நிற்காமல் வழுக்கியது. டெல்லா வாங்கி அழுத்தி, அவன் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா! இன்னிக்கு எத்தனை ஓட்டை?" பிரிட்டாவின் குரல் டெல்லாவுக்கே கேட்டது.

"ஒண்ணுதான். உங்கம்மா சுட்டது." "உக்காந்துக்கோ கண்ணு. பாட்டிக்கு வந்தது எனக்கும் வந்திருக்கு."