இருபத்தைந்துக்கு மேல்

அன்று காலை அவள்தான் புருஷனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டாள். அவனுக்கு விரல் நடுக்கம் வந்ததிலிருந்து அதுதான் வழக்கம். அவசரத்தில் ஒரு பொத்தான் தள்ளிப் போட்டுவிட, சட்டை ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி நின்றது. "விடு, பாதரசம் என்ன என்னைப் பொண்ணு பாக்கவா வருது?" என்று சிரித்துக்கொண்டே தெர்மாமீட்டர் ஆலைக்குக் கிளம்பினான். மதியம் அங்கேயே விழுந்தான். சிறுநீரகம் இரண்டும் போயிருந்தது. ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியில் சட்டையை மட்டும் கையில் கொடுத்தார்கள். தலைவழியாக உருவியிருக்கிறார்கள், பொத்தான்கள் போட்டது போட்டபடி இருந்தன.

முகமூடி கேட்டபோது சூப்பர்வைசர் சொன்னதை அவன் ஒருநாள் வீட்டில் வந்து நடித்துக்காட்டியிருந்தான்: "வாசமே இல்லாததுக்கு என்னய்யா பயம்?"

ஆலை மூடிப் பதினோரு வருடம் கழித்து, அந்த மண்ணைச் சுத்தம் செய்ய வந்த கம்பெனியில் அவள் வேலைக்குச் சேர்ந்தாள். மண்ணை மூடிய உருளையில் போட்டுச் சூடாக்குவார்கள். ஊறியிருந்த பாதரசம் ஆவியாகிக் குளிர்ந்த குழாயில் துளித்துளியாக இறங்கும். அதற்கும் தப்பியதைக் கந்தகம் ஏற்றிய கரி பிடித்துக்கொள்ளும். கரி நிறைந்துவிட்டால் ஆவி போக்குக்குழாய் வழியே வெளியே வந்துவிடும். குழாய் வாயில் ஆவியை அளக்கும் மீட்டரைப் பார்ப்பது அவள் வேலை. எண் இருபத்தைந்தைத் தாண்டினால் உருளையை நிறுத்தும் சிவப்பு சுவிட்சை அழுத்த வேண்டும்.

எங்கெங்கே கழிவைப் புதைத்தார்கள் என்று காட்ட, பாலுக்குப் பூனையைக் காவல் வைத்ததுபோல, அதே சூப்பர்வைசரைக் கூட்டி வந்திருந்தார்கள். முகமூடிக்குள் இருந்தவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. கரி நிறையப்போகிறது என்பது அவளுக்குக் காலையிலேயே தெரியும். போக்குக்குழாயின் வாயருகே நிழலில் அவருக்கு நாற்காலி போட்டதும் அவள்தான்.

அவர் முகமூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டு டீ ஊற்றிக்கொண்டார்.

"எத்தனைம்மா காட்டுது?"

"இருபத்தி மூணு சார்."

"அட, ஜோரா போகுதே!"

இருபத்தாறு. அவள் கை சுவிட்ச்வரை போய் நின்றது. முப்பத்தொன்று.

"ஒண்ணும் வெளிய வரலையே?"

"வாசம் ஏதாச்சும் வருதா சார்?"

அவர் மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தார். "இல்லயே."

"வாசமே இல்லாததுக்கு என்னய்யா பயம்?"

டம்ளர் உதட்டருகே நின்றுவிட்டது. முகமூடிக்கு மேலே தெரிந்த கண்களை அவர் உற்றுப் பார்த்தார். சட்டென்று எழப்போனார், நாற்காலி காலைத் தடுக்கிற்று, டீ வேட்டியெல்லாம் கொட்டியது. "அழுத்தும்மா... அதை அழுத்து!"

நாற்பத்து நான்கு. அவள் விரல் சுவிட்சின் மேல்தான் இருந்தது.

வீட்டில், கதவுக்குப் பின்னால், பிளாஸ்டிக் பைக்குள் கட்டிய அந்தச் சட்டை ஒரு பொத்தான் தள்ளியே தொங்கிக்கொண்டிருந்தது.