பிடரியில் ஒரு பிடி முடி

நீளப்பின்னல் முதன்முதலாகக் கடைக்கு வந்தபோது அவள் முடி இடுப்பைத் தாண்டித் தொங்கியது. தொட்டுப் பார்த்தால் துடைப்பக் குச்சி. வேறு ஏதோ பார்லரில் மாதம் தவறாமல் புரோட்டீன் ட்ரீட்மென்ட் செய்து வந்திருக்கிறாள். பிடரியில், பின்னல் தொடங்கும் இடத்தில், முடி கண்டபடி அறுந்து குட்டை குட்டையாக நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குச் சற்று மேலே பொத்தான் அளவில் இரண்டு சொட்டை.

நீளப்பின்னல் என்பது நாத்தனார் வைத்த பெயர். அந்தக் கடையை நடத்துகிறவர்கள் ஓர் அண்ணியும் அவளுடைய நாத்தனாரும். அண்ணிக்கு எல்லாமே மருதாணி. நாத்தனாருக்கு எல்லாமே புரோட்டீன். ஒரே கண்ணாடி, ஒரே சிங்க், ஆளுக்கொரு அலமாரி. வருகிற தலை யாருடைய அலமாரிக்குப் போகும் என்பதில் தினமும் ஒரு சண்டை.

அண்ணி ஒற்றை முடியை எடுத்து நனைத்து, விரல்களுக்கு இடையே இழுத்தாள். நல்ல முடி கொஞ்சம் நீண்டு கொடுத்து, விட்டதும் பழையபடி சுருங்கும். இது நீளவே இல்லை. டப்பென்று அறுந்தது.

"பாத்தியா? ஓயாம புரோட்டீனை ஊட்டினா இதான் கதி. முடி விறைச்சுப் போயிடும். விறைச்சது வளையாது, ஒடியும்."

"ஆமா, தலைவலின்னு வந்தாலும் நீங்க மருதாணியத்தான் கரைப்பீங்க," என்றாள் நாத்தனார்.

"இந்தச் சொட்டை எப்படிம்மா வந்துச்சு?" என்று கேட்டாள் அண்ணி.

"இறுக்கிப் பின்னுவேன்க்கா."

அண்ணி நம்பினாள். முடியைக் கையில் எடுத்தால் அதைச் சுமக்கிற ஆளை மறந்துவிடுவது அவளுடைய வழக்கம். காதுக்குப் பின்னால் இருந்த நகக்கீறலைப் பார்த்தாள். சீப்பு பட்டிருக்கும் என்று அதற்கும் எண்ணெய் தடவி விட்டாள்.

புரோட்டீனை அடியோடு நிறுத்தினார்கள். மருதாணிப் பொடியைக் குழைத்து ஊறவைத்து, வேரிலிருந்து நுனிவரை அப்பி, பிளாஸ்டிக் உறை மாட்டி உட்கார வைப்பாள் அண்ணி. அலசிய பிறகு கண்டிஷனர். அடுத்த முறை இன்னொரு பூச்சு. மருதாணி ஒவ்வொரு முடியின் மேலும் உறைபோல ஏறி, மெல்லிய முடிகள் தடித்தன. அறுந்தவை வளர்ந்து பின்னலில் சேர்ந்துகொண்டன. சொட்டைகூட மூடியது. நாத்தனாரே ஒரு நாள் பின்னலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "சரி சரி, ஒத்துக்கறேன். ரொம்ப ஆடாதீங்க," என்றாள்.

அந்தச் சமயத்தில் ஒரு தடவை நீளப்பின்னலின் புருஷன் அவளைக் கூட்டிப்போக வந்தான். லிஃப்ட் மெக்கானிக். மகளை மணிக்கட்டோடு பிடித்திருந்தான். இன்னொரு கையால் மனைவியின் பின்னலை ஏந்தி, எடை பார்ப்பது போல ஆட்டினான்.

"நல்லா பண்ணியிருக்கீங்க. கேபிள் மாதிரி இருக்கு," என்று சிரித்தான். "முன்னாடி கையோட வந்துரும்."

அண்ணிக்குப் பெருமை தாங்கவில்லை. நாத்தனாரும் கூடச் சிரித்தாள். சிரிக்காதவர்கள் இரண்டு பேர்: பின்னலுக்குச் சொந்தக்காரியும் அந்தச் சிறுமியும்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவள் வரவேயில்லை. மறுபடி வந்தபோது தலையைச் சுற்றித் துணி கட்டியிருந்தாள். கடையில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு அவளே கதவைத் தாழிட்டாள். துணியை அவிழ்த்தாள்.

உச்சிக்குப் பின்னால் தோல் கிழிந்து தையல் போட்டிருந்தது. ஒரு காது கன்றிப்போய் வீங்கியிருந்தது. கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பினாள். அத்தனை காயத்துக்கும் நடுவே பின்னல் மட்டும் பளபளவென்று கிடந்தது.

"அக்கா, நீங்க முடிய நல்லாக்கிட்டீங்க. அதான் பிரச்சனை."

அண்ணி தையலைத் தொடப்போன கையை இழுத்துக்கொண்டாள்.

"முன்னாடியெல்லாம் வாசப்படியில எட்டிப் பிடிப்பான். ஒரு கொத்து அறுந்து அவன் கையோட போயிடும். அந்த நேரத்துல பாத்ரூமுக்குள்ள ஓடித் தாழ் போட்டுக்குவேன். இந்தத் தடவை அறுந்து போகல. வாசல்லேருந்து சமையல்கட்டு வரைக்கும் தரதரன்னு இழுத்துட்டுப் போனான். சிங்க்கோட விளிம்புல என் தலைய மோதினான். திரும்பத் திரும்ப. தோல்தான் கிழிஞ்சுது. ஒரு முடிகூட அறுந்து போகலக்கா."

"ஸ்டேஷனுக்குப் போனியா?" என்றாள் நாத்தனார்.

"போனேன். அவங்க கட்டடத்து லிஃப்ட்டையும் அவன்தான் பாக்கறான். எங்களுக்கு டீ வாங்கிக் குடுத்து, சேர்ந்து போங்கன்னு அனுப்பிட்டாங்க."

"வெட்டிப் போட்டுடலாம்," என்று அண்ணி கத்திரியை எடுத்தாள். "இப்பவே."

"வேணாம்!" அவள் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். "கத்திரி பட்டா தெரிஞ்சுடும். குட்டியோட விரலைக் கதவிடுக்குல வெச்சுக் காட்டினான். நீ முடிய வெட்டு, நான் கதவைச் சாத்தறேன்னான். நான் வெளிய வந்தா அவளை அவன் வெச்சுக்குவான். ரெண்டு பேரையும் சேர்த்து வெளிய விடறதில்ல. இப்பவும் அவ அங்கதான் இருக்கா."

அண்ணி கத்திரியைக் கீழே வைத்தாள். பிறகு நீளப்பின்னலே சொன்னாள்.

"குட்டியத் தூக்கிக்கிட்டு ஒரே ஒரு தடவை அந்த வாசலைத் தாண்டணும். அவன் பின்னலைத்தான் பிடிப்பான், வேற எங்கயும் பிடிக்க மாட்டான். அது அறுந்துடணும்க்கா. முன்னாடி மாதிரி. பாத்தாத் தெரியக் கூடாது. ஆனா அறுந்துடணும்."

அண்ணி தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். முடி உடையாமல் பார்த்துக்கொள்வது ஒன்றைத் தவிர அந்தக் கைகள் வேறெதையும் கற்றதில்லை. நாத்தனார் அதற்குள் தன் அலமாரியைத் திறந்து டப்பாக்களை எடுத்து வரிசையாக வைத்தாள்.

"அண்ணி, உங்க மருதாணி மேல என் புரோட்டீன் லேசுல இறங்காது. பூட்டின கதவு மாதிரி இருக்கு. எங்க தட்டினா தொறக்கும்னு நீங்கதான் சொல்லணும்."

அண்ணி சொன்னாள். பிடரியில் நான்கு விரல் அகலத்துக்கு மட்டும் ஒரு பட்டையாகப் பிரித்து, மீதியைச் சுருட்டிக் கிளிப் போட்டாள். அழுக்கு நீக்கும் ஷாம்பூவால் அந்தப் பட்டையை மட்டும் கழுவிக் கழுவி மேல்பூச்சை இளக்கினாள். நாத்தனார் புரோட்டீனை ஏற்றினாள். கண்டிஷனர் இல்லை, சூடு தாங்கும் கிரீம் இல்லை. முடியை நேராக்கும் ஸ்ட்ரெய்ட்னரை உச்சச் சூட்டில் வைத்து இழுத்தாள். முடி சீறியது, புகை வந்தது. மறுபடி புரோட்டீன், மறுபடி சூடு. தையலுக்குப் பக்கத்தில் அனல் பட்டபோது நீளப்பின்னல் மேல்துணியின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டாள். சத்தம் போடவில்லை. சத்தம் போடாமல் இருப்பதில் அவளுக்கு நல்ல பழக்கம்.

ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு அண்ணி ஒரு முடியை எடுத்து இழுத்துப் பார்த்தாள். நீண்டது, சுருங்கியது.

"இன்னும் போடு."

நீண்டது; சுருங்கவில்லை.

"இன்னும்."

டப்.

இன்னொன்றை எடுத்தாள். டப். பக்கத்திலிருந்து ஒன்று. டப். அண்ணியின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. புகையாகவும் இருக்கலாம்.

அந்தப் பட்டையை மட்டும் பின்னி, மற்ற முடியை மெதுவாக இறக்கி, இழுத்தால் உருவிக்கொள்கிற மாதிரி அதன்மேல் தளரச் சுற்றி மூடினாள். மேலே எண்ணெயைத் தொட்டுப் பளபளப்பு ஏற்றினாள்.

"தலைக்குத் தண்ணி விடாத. ஈரம் பட்டா இளகிடும். மல்லாந்து படுக்காத. பின்னலை முன்னால எடுத்துப் போட்டுக்க."

"வெளிய வந்து எங்க போவ?" என்று கேட்டாள் நாத்தனார்.

"தெரியல."

"தெரியலயா? ரெண்டு தெரு தள்ளி நாங்க இருக்கோம், தெரியலயாம். நேரா இங்க வா."

மறுநாள் மத்தியானம் அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஊரிலுள்ள லிஃப்ட்டுகளை எல்லாம் ஓடவைக்கிறவன் குடியிருந்த கட்டடத்தின் லிஃப்ட் மாதக்கணக்கில் ஓடவில்லை. அவர்கள் தளத்தில் அதன் இரும்பு வலைக்கதவு பாதி திறந்தே நிற்கும். அவள் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். செருப்பை மாட்டவில்லை. தாழ்ப்பாளை நீக்கும் சத்தத்துக்கே தட்டு தரையில் உருளும் சத்தம் கேட்டது.

வாசற்படியைத் தாண்டி, படிக்கட்டின் முதல் படியில் கால் வைத்தபோது அவன் பிடித்துவிட்டான். எப்போதும் போலப் பின்னலைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றினான், கேபிளைச் சுற்றுகிற மாதிரி. எப்போதும் போல உடம்பின் முழு எடையையும் பின்னால் சாய்த்து இழுத்தான்.

அவளுக்குத் தலை வெடித்தது போல இருந்தது. மகள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறினாள். காய்ந்த குச்சிக்கட்டு முறிவது போல ஒரு சத்தம் கேட்டது. திடீரென்று தலையில் எடையே இல்லை.

அவன் பிடித்து இழுத்த எடை முழுவதும் அவன்மேலேயே திரும்பியது. மல்லாக்கப் போய் வலைக்கதவில் மோதினான். இரும்பு அதிர்ந்தது. பின்மண்டை கதவின் விளிம்பில் பட்டு, சறுக்கி, தரையில் மோதியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்திருக்கிறான் என்பதை அவன் போட்ட கூச்சல் சொன்னது.

வெறுங்காலோடு அவள் கடைக்குள் நுழைந்தபோது, ஒரு டீச்சர் அம்மா டிரையருக்குள் தலையை விட்டுப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். நாத்தனார் மகளை வாங்கி உள்ளறையில் விட்டாள். அண்ணி கதவைத் தாழிட்டாள். தையல் விட்டு ரத்தம் கழுத்து வழியே இறங்கியிருந்தது. பின்னால் மொட்டை மொட்டையாகத் துருத்திக்கொண்டு, பக்கங்களில் மட்டும் நீள முடி தொங்கியது.

"மிச்சத்தையும் எடுத்துடுங்கக்கா. பிடிக்க ஒண்ணும் இருக்கக் கூடாது."

அண்ணி கத்திரியால் நீளத்தை வெட்டித் தள்ளிவிட்டு, மழிக்கும் மெஷினை எடுத்தாள். தான் ஏற்றிய மருதாணி நிறம் கொத்துக் கொத்தாகத் தரையில் விழுந்தது. காயத்தைச் சுற்றி மட்டும் நிதானமாகப் போனாள். முடிக்கும்போது கண்ணாடிக் கதவு உதைபட்டது.

இரண்டாவது உதையில் தாழ்ப்பாள் பிய்ந்தது. மூன்றாவதில் கண்ணாடி பொலபொலவென்று கொட்டியது. அவன் சட்டையின் முதுகெல்லாம் ரத்தம். அறுந்த பின்னல் இன்னும் அவன் கையில் சுற்றியிருந்தது.

"யாருடி இதைப் பண்ணது?" என்று அண்ணியின் முகத்துக்கு நேரே பின்னலை ஆட்டினான். "கேக்கறேன்ல? நீயா?"

பதிலுக்குக் காத்திராமல் அவளை அறைந்தான். அண்ணி கண்ணாடி மேசைமேல் விழுந்தாள். சீப்புகளும் கிண்ணங்களும் சிதறின. உதடு கிழிந்து வாயில் உப்புக் கரித்தது. அவன் நாற்காலிப் பக்கம் திரும்பினான்.

"வாடி."

பின்னலைக் கீழே போட்டான்; பழகிய கை பழகிய இடத்துக்குப் போனது. மனைவியின் தலைக்குப் பின்னால் விரல்களை விரித்து, மூடினான். கைக்குள் ஒன்றுமில்லை. மறுபடி பிடித்தான். மழித்த தலையில் ரத்தத்தின்மேல் விரல்கள் வழுக்கின. ஒரு நொடி அவன் தன் கையையே பார்த்தான்.

அந்த ஒரு நொடி நாத்தனாருக்குப் போதுமாக இருந்தது. வேறொரு வாடிக்கையாளருக்காகக் காலையிலிருந்து சூடேறிக் கிடந்த ஸ்ட்ரெய்ட்னரைத் திறந்து, அவன் மணிக்கட்டில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்தி மூடினாள். தோல் சீறியது. அவன் போட்ட கத்தலில் டீச்சர் அம்மா டிரையரிலிருந்து தலையை எடுத்தார்.

"என்னம்மா கரண்ட் அடிச்சுடுச்சா?" என்றவர், தரையைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், மேற்கொண்டு எதுவும் கேட்காமல் போனை எடுத்தார்.

அவன் இடது கையை ஓங்கினான். அண்ணி எழுந்து சின்ன ஸ்டூலால் அவன் முழங்காலில் போட்டாள். அவன் மடங்கி விழுந்தான். நீளப்பின்னல் நாற்காலியை விட்டு இறங்கி, அதே ஸ்டூலை அண்ணியின் கையிலிருந்து வாங்கி, ஓங்கி, அவன் முகத்துக்கு மேலே பிடித்தாள். அவன் கையால் முகத்தை மூடிக்கொண்டான்.

"போதும்மா," என்றாள் அண்ணி. "குட்டி உள்ள இருக்கா."

அவள் அடிக்கவில்லை. ஸ்டூலை அவன் நெஞ்சின்மேல் கவிழ்த்து வைத்து, அதன்மேல் உட்கார்ந்தாள். நாத்தனார் வந்து அவன் கால்மேல் உட்கார்ந்தாள். போலீஸ் வரும்வரை அப்படியே இருந்தார்கள். டீச்சர் அம்மா, தலையில் பாதி கிளிப்போடு, வாசலில் நின்று, வந்தவர்களிடம் முதலிலேயே சொல்லிவிட்டார்: "டீ வாங்கிக் குடுத்து அனுப்பற வேலையெல்லாம் வேணாம். நான் ஸ்டேஷனுக்கு வந்து எழுதிக் குடுக்கறேன்."

அவனைக் கூட்டிப்போன பிறகு உள்ளறையைத் திறந்தார்கள். சிறுமி அம்மாவின் தலையை வெகுநேரம் பார்த்தாள். பிறகு தன் இரண்டு சடைகளையும் கையில் பிடித்துக்கொண்டு அண்ணியிடம் வந்தாள்.

"எனக்கும் வெட்டிடுங்க பெரியம்மா."

"உனக்கு எதுக்குடா?"

"சும்மாதான்."

அண்ணி அவளை உயர நாற்காலியில் தூக்கி உட்கார வைத்தாள். சடைகளை அவிழ்த்தாள். முடியை இழுத்துப் பார்க்கவில்லை. விரலால் வகிடு வகிடாகப் பிரித்து, பிடரியிலிருந்து உச்சிவரை, காதுக்குப் பின்னால், தோலைத்தான் பார்த்துக்கொண்டே போனாள். நாத்தனார் விளக்கைக் கிட்டே பிடித்தாள். தாய், மழித்த தலையோடு, கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே வெறுங்காலில் நின்று, அண்ணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு பக்கம் முடிந்து மறுபக்கமும் முடிந்தது. எங்கும் கீறல் இல்லை, சொட்டை இல்லை.

"ஒண்ணும் இல்ல," என்றாள் அண்ணி.

அதன்பிறகுதான் தாய் தரையில் உட்கார்ந்தாள்.