மூன்று வாசிப்பும் ஆறடி வழியும்

தலவாக்கலைக் கடைத்தெருவில் மனு எழுதிக் கொடுக்கும் இராயப்பனுக்குக் கூத்துப் பைத்தியம் கிடையாது, சீட்டுப் பைத்தியம் கிடையாது. அவருக்கிருந்த ஒரே பைத்தியம் கொழும்பில் நடக்கிற அரசாங்க சபை. அங்கே ஒரு மசோதா எப்படிச் சட்டமாகிறது என்று யாராவது வாய்தவறிக் கேட்டுவிட்டால் தொலைந்தார்கள். வந்த வேலை மறந்து, ரயிலும் தவறிப்போகும்.

"தோட்டத்துல துரை காலையில ஆள் கூட்டுற பெரட்டுல நின்னு ஒரு வார்த்தை சொன்னா, கொம்பு ஊதுறதுக்குள்ள அது சட்டம். சபையில அப்படி நடக்காது. மூணு தரம் வாசிக்கணும். நடுவுல ஒரு குழு உட்காந்து ஒவ்வொரு வரியா நோண்டிப் பாக்கணும். அப்புறம் தேசாதிபதி கையெழுத்துப் போடணும். ஒருத்தன் அவசரப்பட்டா இன்னொருத்தன் புடிச்சு நிறுத்துவான்."

மசோதாக்களிலும் சாதி உண்டு என்பார். மந்திரிமார் நாட்டுக்கெல்லாம் பொதுவாகக் கொண்டுவருவது ஒன்று. வரி, செலவு பற்றியது இன்னொன்று; அதில் சாதாரண அங்கத்தவர் கைவைக்க முடியாது. மூன்றாவதுதான் அவருடைய செல்லப்பிள்ளை, தனியார் மசோதா. ஒரு சங்கமோ கம்பெனியோ தனக்கென்று கேட்கிற சட்டம் அது. முன்கூட்டியே அரசாங்க கெசட்டில் போட்டாக வேண்டும். அதனால் பாதிக்கப்படுகிறவர் கூலியாளாக இருந்தாலும் மனுப் போடலாம், குழுவின் முன்னால் நின்று பேசலாம். இதைச் சொல்லும்போது இராயப்பன் நாற்காலியை விட்டு எழுந்தேவிடுவார். கேட்பவர்கள் சிரிப்பார்கள். எந்தக் கூலியாள் கொழும்பு வரை போய்ப் பேசியிருக்கிறான்?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் ஆண்டு மழை விட்ட ஒரு காலையில், தபால் கந்தோரில் கெசட்டைப் புரட்டியவர் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார். திம்புள்ளப் பக்கத்துத் துரைமார் சிலர் தங்கள் விளையாட்டுச் சங்கத்தைச் சட்டப்படி பதிவுசெய்து, ஒரு நிலத்தையும் அதன் பேரில் எழுதிவைக்க மசோதா கேட்டிருந்தார்கள். நிலத்தின் எல்லைகளைப் படித்தார். ஓடை, கற்பாறை, தரிசு மேடு. அந்த மேடு அவருக்குத் தெரியும். தரிசாம் தரிசு! பக்கத்துத் தோட்டத்தில் கூலிகள் குடியிருக்கும் லயங்களில் செத்த குழந்தைகளையெல்லாம் அங்கேதான் புதைத்திருந்தார்கள்.

அன்றே தோட்டத்துக்கு ஏறினார். செய்தி கேட்டதும் பெண்கள் வாயில் அடித்துக்கொண்டார்கள். ராக்காயி மட்டும் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு நின்றாள். நான்கு வருடங்களுக்கு முன் காய்ச்சலில் போன அவளுடைய ஒரே மகள் அந்த மேட்டில்தான் கிடந்தாள்.

மனு தயாரானது. அங்கே பிள்ளையைப் புதைத்த பதினேழு பேர் தங்கள் பெயருக்குப் பக்கத்தில் பெருவிரல் வைத்தார்கள், ஆனால் வரிசையாக இல்லை, வட்டமாக. அது தோட்டத்துப் பழக்கம். வரிசையாக வைத்தால் முதல் பெயர்க்காரனைத்தான் துரை கூப்பிடுவார். மறுநாள் அவன் கையில் பத்துச்சீட்டு இருக்கும், அதோடு வேலையும் போச்சு, லயத்து அறையும் போச்சு. வட்டத்துக்குத் தலை ஏது, வால் ஏது? இராயப்பனே காம்பஸ் வைத்துக் கோடு போட்டுக் கொடுத்தார். தன் கெட்டிக்காரத்தனத்தில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

இரண்டு வாரத்தில் கொழும்பிலிருந்து பதில் வந்தது. மனு கிடைத்தது, குழு கேட்கத் தயார். ஆனால் மனுதாரர் சார்பில் வந்து பேசப்போகிறவர் யார்? பெயரும் விலாசமும் உடனே தேவை.

லயத்து வாசலில் இராயப்பன் அதை வாசித்துக் காட்டினார். தான் போட்ட வட்டம் இப்படிக் காலை வாரிவிடும் என்று அவர் நினைக்கவில்லை. பாதிக்கப்பட்டவர்தான் பேசலாம் என்பதால் தன் பெயரைப் போடவும் வழியில்லை. அந்த மேட்டில் அவருக்கு யாரும் இல்லை.

"எம் பேரை எழுதுங்கய்யா" என்றாள் ராக்காயி.

கங்காணி பெரியதம்பி பதறிப்போனார். கெட்ட மனிதர் இல்லை, பயந்தவர். "புத்தி கெட்டுப் போச்சாடி? போயிட்டு வந்த மறுநாளே பத்துச்சீட்டு. அப்புறம் எந்தத் தோட்டத்துல நுழைவ?"

"தெரியுங்க கங்காணி. எழுதுங்கய்யா."

இராயப்பன் எழுதினார். எத்தனையோ பெரிய மனிதர்களின் பெயரை எழுதிய கை அது. அன்றைக்குத்தான் ஒரு பெயரை எழுதிவிட்டு இரண்டு தரம் சரிபார்த்தார்.

கொழும்பில் குழு கூடிய அறையில் மின்விசிறி சுற்றியது. ராக்காயி அதை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள், பிறகு பார்க்கவில்லை. சங்கத்தின் வக்கீல் எழுந்து, அந்த இடத்தில் ஒரு கல்லும் இல்லை, சிலுவையும் இல்லை, எந்தப் பதிவேட்டிலும் இடுகாடு என்று இல்லை என்றார். சான்றாக நில அளவைப் படத்தை மேசையில் விரித்தார்.

குழுத் தலைவர் மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார்: "அடையாளமே இல்லாத இடத்தில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மரம் இருக்குங்களே" என்றாள் ராக்காயி. "புள்ளைய வச்சதும் தலைமாட்டுல ஒரு தேயிலைக் கன்னு நடுவோம். அதுல கொழுந்து கிள்ள மாட்டோம். கவ்வாத்துக் கத்தி படவே விடமாட்டோம். வெட்டாம விட்டா தேயிலை மரமா வளந்துரும். மொத மரம் அழகம்மா பேத்தி. ரெண்டாவது தனலெட்சுமியோட ஆம்பளப் புள்ள. அதுக்குப் பேரு வைக்கல. மூணாவது..."

ஒவ்வொரு விரலாக மடக்கிச் சொல்லிக்கொண்டே போனாள். "ஆறாவது எம் மக, பரிமளம்." பதினேழில் முடித்தாள்.

தோட்டப் பக்கம் வளர்ந்தவரோ என்னவோ, குழுவில் ஒருவர் படத்தைத் தன் பக்கம் இழுத்துக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். மேட்டின் மேல் சின்னச் சின்ன வட்டங்கள். ஓரத்தில் அளவைக்காரர் எழுதிய குறிப்பை அவர் உரக்க வாசித்தார்: வெட்டாமல் விட்ட தேயிலை மரங்கள், பதினேழு.

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். இராயப்பனுக்கு எழுந்து கைதட்ட வேண்டும் போலிருந்தது; சபையின் ஒழுங்கு தெரிந்தவர் என்பதால் அடக்கிக்கொண்டார்.

"உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று தலைவர் கேட்டார்.

மேட்டை விட்டுவிடுங்கள் என்பாள் என்றுதான் இராயப்பனும் எதிர்பார்த்தார், அப்படித்தான் சொல்லிக்கொடுத்துமிருந்தார். அவள் அதையும் சொன்னாள். பிறகு, "வழியும் வேணுங்க" என்றாள். "இங்க வந்ததுக்கு எனக்குப் பத்துச்சீட்டு குடுத்துருவாங்க. நான் எந்தத் தோட்டத்துல கெடந்தாலும் எம் புள்ளயப் பாக்க வந்து போறதுக்கு ஒரு வழி வேணும்."

தலைவர் தானே பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். சட்டம் பற்றி இருபது வருடம் வாய் கிழியப் பேசியவருக்குத் தோன்றாதது, எழுத்து வாசனையே இல்லாத ஒருத்திக்குத் தோன்றிவிட்டதே என்று இராயப்பன் வெட்கப்பட்டார். சந்தோஷமான வெட்கம்தான்.

பத்துச்சீட்டு வர மறுநாள்வரைகூட ஆகவில்லை. அவள் ரயிலை விட்டு இறங்கிய மாலையே வந்தது. தட்டுமுட்டுச் சாமான்களோடு புருஷனும் அவளுமாகக் கொத்மலைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

மசோதா தன் பாட்டில் நடந்தது. மேட்டை விட்டுவைத்துக் குழு திருத்தியதைச் சபை ஏற்றது; மூன்றாம் வாசிப்பு முடிந்தது; தேசாதிபதி ஒப்பமிட்டார். கெசட் வந்த அன்றே இராயப்பன் அதை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கொத்மலைக்குப் போனார். எட்டாம் பிரிவைத் தமிழில் வாசித்தார்: "மேற்படி மேட்டுக்குச் செல்லும் ஆறடி வழி, அங்கே தம் உறவினரை அடக்கம் செய்த எவருக்கும், அவர் எங்கே வசித்தாலும், பகல் வேளையில் திறந்திருக்க வேண்டும்."

"இன்னொரு தரம் வாசிங்கய்யா" என்றாள் ராக்காயி.

வாசித்தார்.

"இன்னொரு தரம். சபையில மூணு தரம்னு சொன்னீங்களே."

மூன்றாம் தரம் வாசிக்கும்போது அவளுடைய உதடும் கூடவே அசைந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் மேட்டுக்குப் போனார்கள். வழியின் குறுக்கே புதுக் கம்பு கட்டியிருந்தது. சங்கத்துக் காவல்காரன் முத்துலிங்கம் கம்பை விட்டு அசையவில்லை. வெளித் தோட்டத்து ஆளை விடக் கூடாது என்பது துரை உத்தரவாம். இராயப்பன் கெசட்டை எடுக்கக் கக்கத்தில் கைவைத்தார். ராக்காயி அவரைத் தடுத்துவிட்டு, எட்டாம் பிரிவை ஒரு சொல் பிசகாமல் சொன்னாள்.

காவல்காரன் முழித்தான். "இது யாரு சொன்னது?"

"நான் சொன்னேன்" என்றாள் ராக்காயி. "அப்புறம் கொழும்புல மூணு தரம் வாசிச்சாங்க."

முத்துலிங்கம் இராயப்பனைப் பார்த்தான். அவர் ஆமாம் என்று தலையாட்டினார். முத்துலிங்கம் கயிற்றை அவிழ்த்துக் கம்பை எடுத்தான். ராக்காயி உள்ளே போய், மரங்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே ஏறி, ஆறாவது மரத்தடியில் உட்கார்ந்தாள்.