பந்து இல்லாத பக்கம்

எங்கள் கார்வர்ஸ் ஃபோர்டில் கால்பந்து என்றால் கையில் பந்தை இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம்தான். ஒஹையோவின் இந்த மூலையில் வேறு எதையும் யாரும் கால்பந்து என்று சொல்ல மாட்டார்கள். நான் லைல் ஹேவர்கேம்ப். உயர்நிலைப் பள்ளியில் காலையில் உயிரியல் வாத்தியார், மூன்று மணிக்கு மேல் ரிசீவர்களின் கோச். ஓரத்தில் தனியாக நின்று, தூரத்திலிருந்து வீசுகிற பந்தைப் பிடிக்கிறவர்கள்தான் ரிசீவர்கள். ஆட்டத்திலேயே அழகாக ஓடுகிறவர்களும் அவர்கள்தான், அதிகமாக அலட்டிக்கொள்கிறவர்களும் அவர்கள்தான். பதினோரு வருஷமாக இந்த மைனர்களோடு மல்லுக்கட்டுகிறேன், எனக்குத் தெரியாதா!

பந்து தங்களை நோக்கி வந்தால் உயிரைக் கொடுப்பார்கள். பந்தை வேறொருவன் சுமந்துகொண்டு ஓடுகிற ஆட்டம் என்றால் போதும், கொட்டாவி வந்துவிடும். அப்போது அவர்களுக்கு ஒரே ஒரு வேலை. எதிரே நிற்கிற காவல்காரனை நெஞ்சோடு நெஞ்சு முட்டி மறிக்க வேண்டும். அவன் ஓடுகிறவனைப் போய்ப் பிடிக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியிருக்கிறேன். மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடவிட்டிருக்கிறேன். ஹாம்பர்கர் வாங்கித் தருவதாக ஆசை காட்டியிருக்கிறேன். ஹாம்பர்கரைத் தின்றார்கள், மறிக்கவில்லை.

இதில் மன்னன் ட்ரெவான் மபரி. ஆறடி மூன்றங்குலம். இரண்டு பெரிய கல்லூரிகள் அவனுக்குக் கடிதம் போட்டுவிட்டன. நேரில் திட்டினால் சிரிப்பான்.

"கோச், அந்த லெட்டர்ல 'தம்பி நல்லா மறிக்கிறான்'னு எங்கயாவது எழுதியிருக்கா? படிச்சுக் காட்டட்டுமா?"

"உன் லெட்டரைக் கொண்டுபோய் அடுப்புல போடு!"

எனக்கு அவன் மேல் இருந்த கோபத்துக்குக் காரணம் எமெட் டோலிவர். பந்தைச் சுமந்து ஓடுகிறவன். ஐந்தடி ஏழங்குலம், வாய் திறந்து பத்து வார்த்தை பேசினால் அதிகம். அவனும் அந்த வருஷத்தோடு பள்ளியை முடிக்கிறான். அவனுக்குக் கடிதம் எழுதியது ஒரே ஒரு சின்னக் கல்லூரி. ஹால்வர்சன் என்கிற கோச் எழுதியிருந்தார். 'உன் ஆட்டத்தின் வீடியோவைப் பார்த்தேன். பன்னிரண்டு கஜத்தைத் தாண்டி நீ ஓடி ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. வேகம் போதாதோ என்று சந்தேகம். சனிக்கிழமை ஆட்டத்துக்கு நேரில் வருகிறேன், பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன்.' அந்த முடிவு சரியாக வராவிட்டால் ஜூன் மாதத்திலிருந்து எமெட் தன் சித்தப்பாவோடு சுண்ணாம்புக் குவாரிக்குப் போவான். கால்நடை மருத்துவம் படிக்க ஆசைப்பட்டவன். என் வகுப்பில் தவளையை அறுக்கும்போது மற்றவர்கள் மூக்கைப் பொத்துவார்கள், அவன் மட்டும் கேள்வி கேட்பான்.

வேகம் போதாதா! எனக்கு வயிறு எரிந்தது. பழைய வீடியோக்களைப் போட்டு, அவனை ஒவ்வொரு முறையும் கீழே தள்ளியது யார் என்று எண்ணினேன். பத்துக்கு ஏழு முறை, ட்ரெவான் மறித்திருக்க வேண்டிய ஆள். ஆனால் அதை ட்ரெவானுக்கு நிரூபிக்க வழியில்லை. ஏனென்றால் எங்கள் வீடியோ எடுப்பது லோரெட்டா கிம்பல். பேண்டில் கிளாரினெட் வாசிக்கிற பெண்ணின் அம்மா. பந்து எங்கே போகிறதோ அங்கேயே காமிராவை நெருக்கிப் பிடிப்பார். ஓரத்தில் நிற்கிறவன் தூங்கினாலும் படத்தில் வராது.

ஆகவே அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின வார ஆட்டத்தில் லோரெட்டாவிடம் இன்னொரு காமிராவைக் கொடுத்தேன். "இத மேல் படியில வெச்சிடுங்க. மைதானம் முழுசும் தெரியணும். பந்து எங்க போனாலும் இத அசைக்கக் கூடாது."

"என் வீட்டுக்காரர் சோபாவுல உக்காந்திருப்பாரே, அது மாதிரி வெச்சிடறேன் கோச்," என்றார் லோரெட்டா.

திங்கட்கிழமை மதியம் ரிசீவர்கள் ஆறு பேரையும் என் வகுப்பில் உட்காரவைத்துப் படத்தைப் போட்டேன். எமெட் ஓடுகிறான், ட்ரெவான் இடுப்பில் கைவைத்து நிற்கிறான். எமெட் ஓடுகிறான், ட்ரெவான் கையுறையை இறுக்கிக் கட்டுகிறான். எமெட் விழுகிறான், ஜோனா பீச்சம் என்கிற குள்ளன் தன் அம்மாவுக்குக் கையசைக்கிறான். வெட்கப்படுவார்கள் என்று பார்த்தால், விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்!

"டேய் ஜோனா, உங்கம்மா பதிலுக்கு அசைக்கவே இல்லடா!"

"அவங்க என்னைப் பெத்ததையே வெளியில சொல்றதில்ல மச்சான்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் ரிமோட்டில் அழுத்தியது எந்தப் பொத்தான் என்றே தெரியவில்லை. படம் எங்கேயோ தாவி, ஓட்டமில்லாத, பந்தை வீசிய ஓர் ஆட்டத்தில் போய் நின்றது. ட்ரெவான் பந்தைப் பிடித்து எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்த ஆட்டம். ஊரே எழுந்து நின்று கூவிய ஆட்டம். பையன்கள் ஊளையிட்டார்கள். நானும் வழக்கம்போல ட்ரெவான் பக்கம்தான் பார்த்தேன்.

"கோச், நிறுத்துங்க," என்றான் ட்ரெவான். "கீழ பாருங்க. அது எமெட்டா?"

திரையின் கீழ்மூலையில், பந்து புறப்பட்ட இடத்தில், எங்கள் பந்து வீசுகிற பையனை நசுக்க ஒருத்தன் வருகிறான். நூற்றுப்பத்து கிலோ இருப்பான். அவனுக்கும் பையனுக்கும் நடுவில் எமெட் போய் நிற்கிறான், தோளைக் கொடுக்கிறான். பந்து கையை விட்டுப் போகிறது. எமெட் தூக்கி எறியப்பட்டு மல்லாந்து விழுகிறான். மேல்மூலையில் எல்லோரும் ட்ரெவானைக் கட்டிப்பிடித்துக் குதிக்கிறார்கள். கீழ்மூலையில் எமெட் முழங்காலில் எழுந்து, கொஞ்சம் நின்று, நொண்டிக்கொண்டே மைதானம் முழுவதும் கடந்து போகிறான். கடைசி ஆளாகப் போய்ச் சேர்ந்து ட்ரெவானின் ஹெல்மெட்டில் ஒரு தட்டுத் தட்டுகிறான்.



"அடுத்த பாஸைப் போடுங்க," என்றான் ட்ரெவான்.

போட்டேன். அதிலும் அப்படியே. அன்றைக்கு வீசிய ஆறு நீளமான பாஸிலும் எமெட் யாருக்காவது குறுக்கே போய் விழுந்திருந்தான்.

"கோச், எல்லா மேட்ச்லயும் இப்படித்தானா?"

"தெரியாதுடா. பந்து போனதும் நானும் உன்னத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்." சொல்லும்போது எனக்கே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மறிக்கவில்லை, மறிக்கவில்லை என்று வருஷம் பூராக் கத்தியவன், மறித்தவனைக் கவனிக்கவில்லையே.

ட்ரெவான் எழுந்து வெளியே போனான். வராந்தாவில் எமெட் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான்.

"ஏன்டா சொல்லல?"

"என்னத்த?"

"அந்தத் தடியன் உன்ன மிதிச்சானே, அத."

"நீ பந்தப் புடிச்சியா?"

"புடிச்சேன்."

"அப்புறம் என்ன?" என்று எமெட் அடுத்த கடி கடித்தான்.

மறுநாளிலிருந்து நான் கத்தவே இல்லை. கத்த வேண்டியிருக்கவில்லை. ட்ரெவான் மற்ற ஐந்து பேரையும் இழுத்துக்கொண்டு அரைமணி முன்னதாகவே மைதானத்துக்கு வந்துவிடுவான். வந்து என்ன பயன்? மறிப்பது அவர்களுக்குத் தெரியவில்லை. பாய்ந்து விழுந்தார்கள், சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். கை ரெண்டும் அவன் நெஞ்சுக்குள்ள இருக்கணும், வெளியில போகக் கூடாது, விசில் ஊதற வரைக்கும் கால் நிக்கக் கூடாது என்று ஒவ்வொருவனுக்கும் நூறு தரம் சொன்னேன். எதிரே நின்று முட்டு வாங்கியது எமெட்தான். வியாழக்கிழமை ஜோனா அவனைப் புல்லில் உருட்டியபோது, பயல் ஊர்க்கோலம் போகாத குறைதான்.

சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு ஆட்டம். எதிரணி சேலம் ரிட்ஜ். தோற்றால் அந்த வருஷமே முடிந்தது. புல்லின் ஓரத்தில் இன்னும் உறைபனி இருந்தது. ஐந்தாவது வரிசையில் நீலக் குல்லாய் போட்ட ஒரு மனிதர், மடியில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். ஹால்வர்சன். எமெட் அந்தப் பக்கமே திரும்பவில்லை. ஷூ நாடாவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

முதல் கால்பாகத்திலேயே ட்ரெவான் பக்கமாக எமெட் பாய்ந்தான். பத்து கஜம், இருபது, நாற்பது! என் தொப்பி எங்கே பறந்தது என்று தெரியாது. கோட்டைத் தாண்டிவிட்டான் என்று திரும்பினால், நடுவரின் மஞ்சள் கைக்குட்டை புல்லில் கிடக்கிறது. ட்ரெவான் காவல்காரனின் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறான். ஓட்டம் செல்லாது, பத்து கஜம் பின்னாலே போ என்றுவிட்டார்கள்.

நான் ஹால்வர்சனைப் பார்த்தேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடிவிட்டார். ட்ரெவான் ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தைப் பொத்திக்கொண்டான். அவனைத் திட்ட வாயெடுத்தேன், அதற்குள் எமெட் வந்துவிட்டான்.

"நாப்பது ஓடினேன்ல? இன்னொரு தடவை ஓடறேன். கைய மட்டும் உள்ள வை," என்றான். வருஷம் பூராவிலும் அவன் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

அதற்குப் பிறகு சேலம் ரிட்ஜ்காரர்கள் உஷாராகிவிட்டார்கள். எமெட் போகிற இடமெல்லாம் மூன்று பேர். நான்கு, ஆறு, மூன்று கஜம். ட்ரெவான் ஒரு பாஸைப் பிடித்துக் கோட்டைத் தாண்டினான். அதோடு, ஒரு வருஷத்தில் அதிக முறை அப்படிப் பிடித்துத் தாண்டிய மாவட்டச் சாதனைக்குச் சமமாக வந்துவிட்டான், இன்னும் ஒன்று பிடித்தால் சாதனை அவனுக்கு. நான்கு நிமிஷம் பாக்கி. பதினேழுக்குப் பதின்மூன்று, பின்தங்கியிருந்தோம். மைதானத்தில் எங்கள் பாதியில் பந்து, எழுபத்தொரு கஜம் போக வேண்டும்.

தலைமைக் கோச் டக்ளஸ் ரென் ஆட்டத்தை நிறுத்தி எல்லோரையும் அழைத்தார். "ட்ரெவானுக்கு நீளமா வீசு. எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் அவன் உயரத்துக்கு எவனும் எட்ட மாட்டான்."

"வேணாம் கோச்," என்றான் ட்ரெவான்.

"என்னது?"

"எல்லாருக்கும் தெரியும்னு நீங்களே சொல்றீங்களே. அவங்க மூணு பேரும் இப்ப என்னத்தான் பாப்பாங்க. என் பக்கமா எமெட்ட விடுங்க. என் ஆள நான் பாத்துக்கறேன்."

ரென் என்னைப் பார்த்தார். சாதனையை வேண்டாம் என்கிற ரிசீவரை அவர் முப்பது வருஷத்தில் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேனா என்ன! "விடுங்க டக்," என்றேன்.

பந்து எமெட் கைக்குப் போனது. ட்ரெவான் காவல்காரனின் நெஞ்சில் இரண்டு உள்ளங்கையையும் பதித்தான். கை உள்ளேதான். கால் நிற்கவில்லை. தள்ளினான், தள்ளினான், ஓரத்து வெள்ளைக் கோட்டுக்கு வெளியே எங்கள் தண்ணீர்க் கேன் மேல் அவனைக் கொண்டுபோய்ச் சாய்த்தான். எமெட் அந்த இடைவெளியில் புகுந்து வெளியே வந்தான். மறுபக்கத்திலிருந்து ஜோனா குறுக்கே ஓடிவந்து தன்னைப் போல இரண்டு மடங்கு இருந்தவனின் வழியில் போய் முட்டினான். இருவரும் உருண்டார்கள்.

கடைசியாக ஒருத்தன் பாக்கி. அவர்களிலேயே வேகமானவன், எமெட்டைக் கோணம் பார்த்து வெட்டி வருகிறான். எமெட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு நீண்ட உருவம் வந்தது. தண்ணீர்க் கேன் பக்கத்திலிருந்து எழுந்து, ஐம்பது கஜம் துரத்தி வந்திருக்கிறான் படுபாவி! கையில் பந்து இருந்தபோதுகூட ட்ரெவான் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. முன்பக்கமாகப் போய்த் தோளைக் கொடுத்தான். சுத்தமான முட்டு. அந்த வேகக்காரன் உட்கார்ந்துவிட்டான். எமெட் தனியாக ஓடினான்.

எழுபத்தொரு கஜம். நான் முதலில் தேடியது மஞ்சள் கைக்குட்டையை. புல்லில் ஒன்றும் இல்லை. நடுவர் இரண்டு கைகளையும் உயர்த்தினார். நான் அழுதேன். வெட்கம் என்ன வெட்கம், நன்றாகவே அழுதேன்.

இருபதுக்குப் பதினேழு, ஜெயித்தோம். கூட்டம் மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. உள்ளூர் ரேடியோக்காரர் ட்ரெவானிடம் மைக்கை நீட்டினார். "சாதனை கைநழுவிப் போச்சே, வருத்தமா இல்லையா?"

"எதுக்கு? எழுபத்தொரு கஜமும் நானும்தான ஓடினேன்," என்றான்.

நீலக் குல்லாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு எமெட்டிடம் வந்தது. ஹால்வர்சன் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "வேகத்தைப் பத்தி எழுதினேன்ல, அதை மறந்துடு. ஆகஸ்ட் எட்டாம் தேதி முகாம். உனக்கு இடம் இருக்கு. வருவியா?" என்றார்.

எமெட் தலையை ஆட்டினான். பிறகு அவரை, என்னை, கம்பிவேலிக்கு அப்பால் கையைத் தட்டிக்கொண்டிருந்த சித்தப்பாவை எல்லாம் விட்டுவிட்டு, கூட்டத்தில் தலை மட்டும் தெரிந்த ட்ரெவானை நோக்கி ஓடினான்.

"கெடைச்சிருச்சுடா! ட்ரெவான், எனக்குக் கெடைச்சிருச்சுடா!"