கன்வெர்ட்டர் மேல் போட்ட பழி

பழி போட ஊர் உலகத்தில் எத்தனையோ இருக்க, சவுண்டுக்காரர் கன்வெர்ட்டரைப் பிடித்துக்கொண்டார். கணினியில் எண்களாகக் கிடக்கும் பாட்டைக் காதுக்குக் கேட்கிற ஓசையாக மாற்றித் தரும் சின்னப் பெட்டி அது. பாவம், எதிர்த்துப் பேச அதற்கு வாயில்லை.

அவர் மிக்ஸிங் செய்து கொடுத்த இரண்டு பாட்டுகள் அடுத்தடுத்துத் திரும்பி வந்திருந்தன. ஸ்டுடியோ முதலாளி வேறு யாருமில்லை, மனைவியின் தம்பிதான். "ட்ரெபிள் காதைக் கிழிக்குது மாமா. இன்னொண்ணும் திரும்பி வந்தா நான் வேற ஆளைத்தான் பாக்கணும்" என்று தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டான். அவருக்கோ ட்ரெபிள் என்கிற மேல்சுருதி ஓசையே போதவில்லை. டிரம்ஸின் சிம்பல் தட்டை அடித்தால் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல மந்தமாகக் கேட்டது. அதனால்தான் ஏற்றியிருந்தார்.

அன்றிலிருந்து அப்சாம்பிளிங் பைத்தியம் பிடித்தது. பாட்டின் எண்களுக்கு இடையில் மென்பொருளே புது எண்களைக் கணக்கிட்டு நிரப்பி, பல மடங்காக்கிப் பெட்டிக்கு அனுப்பும். பெட்டிக்கு வேலை குறையும், ஓசை தெளியும் என்று நம்பினார். மடங்கை மாற்றுவார், ஃபில்டரை மாற்றுவார், மனைவியைக் கூப்பிட்டு முன்னது நன்றாக இருக்கிறதா, பின்னதா என்று கேட்பார். அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிற்கும் அவள் எப்போதும் பின்னது என்பாள். மனிதருக்கு வாயெல்லாம் பல்லாகிவிடும். மறுநாள் பழையபடி மந்தம்.

மூன்றாவது பாட்டைக் கொடுக்க வேண்டிய காலையில், கோளாறு பெட்டியிலா, காதிலா என்று பார்த்துவிடத் துணிந்தார். ஸ்பீக்கரில் ஒரு விசில் ஓசையை ஓடவிட்டார். அதன் சுருதி கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்து, கடைசியில் யாருக்கும் கேட்காத இடத்துக்குப் போய்விடும். பெட்டியில் கோளாறு என்றால் கேட்கிற இருவருக்கும் ஓசை ஒரே இடத்தில் நிற்க வேண்டும்; காதில் என்றால் அவருக்கு மட்டும் முன்பே நின்றுவிடும். மனைவியை எதிரே உட்காரவைத்தார்.

"கேக்குற வரைக்கும் கையத் தூக்கி வச்சிரு. நின்னதும் இறக்கிடு."

தானும் கையைத் தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டார். ஓசை மெலிந்து மெலிந்து இல்லாமல் போயிற்று. கையை இறக்கிவிட்டுக் கண்ணைத் திறந்தார். அவள் கை இறங்கவில்லை. அவர் பார்ப்பதைப் பார்த்ததும் சட்டென்று இறக்கினாள்.

"எனக்கும் இப்பதாங்க நின்னுச்சு. பெட்டியிலதான் கோளாறு."

திரையில் ஓசையின் அதிர்வெண் இன்னும் ஏறிக்கொண்டே இருந்தது. அவள் முகம் காதுக் கூச்சத்தில் சுளித்தபடியே இருந்தது. இத்தனை நாள் அவள் பின்னது, பின்னது என்று சொன்னதெல்லாம் எதற்கென்று அவருக்கு விளங்கிற்று. கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. அவர் எதையும் அணைக்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து அந்தச் சுளிப்பு விலகியபோதுதான், சத்தம் நின்றுவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது.